எதிரே யானை நின்றால்: மலைப்பாதைக்கும் உயிரியல் பூங்காவுக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "கோடை விடுமுறையில் இரண்டு குழந்தைகளோடு ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூருக்குக் காரில் போகிறோம். வழியில் யானையோ காட்டெருமையோ எதிர்ப்பட்டால் என்ன செய்ய வேண்டும்? வண்டலூரில் விலங்குகளைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?"

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஹெய்னி ஹெடிகர் என்ற சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் பெர்ன், பாசெல், சூரிச் நகரங்களின் உயிரியல் பூங்காக்களை அடுத்தடுத்து நிர்வகித்தவர். ஒவ்வொரு விலங்கும் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது என்பது அவர் விளக்கம். வெளி எல்லைக்குள் ஆள் வந்தால் விலங்கு விலகிப் போகும். விலக வழியில்லாமலோ, கவனிக்காமலோ இருந்து, உள் எல்லை வரை ஆள் வந்துவிட்டால் ஓடுவதை விட்டுவிட்டுப் பாயும். முன்னதை விலகும் தூரம், பின்னதைத் தாக்கும் தூரம் என்று வைத்துக்கொள்வோம். பூங்காவில் பிறந்து வளர்ந்த விலங்குக்கு விலகும் தூரம் அநேகமாக இல்லாமலே போய்விடுகிறது. தினமும் ஆயிரம் பேர் வந்து நிற்கிறார்கள், யாராலும் அதற்கு ஒன்றும் நேர்வதில்லை, எதற்காக ஓட வேண்டும்? ஆனால் தாக்கும் தூரம் போவதில்லை. அந்த எல்லைக்குள் நாம் நுழைந்துவிடாமல் அகழியும் கம்பியும் கண்ணாடியும் பார்த்துக்கொள்கின்றன.

சாலையோரத்துக்குப் பழகிய யானைக்கும், குன்னூர் கடைவீதியில் நடமாடும் காட்டெருமைக்கும் இதே கதைதான், அகழி மட்டும் கிடையாது. வண்டிச் சத்தத்துக்கும் ஆட்களுக்கும் பழகிவிட்டதால் அவை ஓடுவதில்லை. பார்க்கிறவர்கள் "சாதுவாக நிற்கிறது" என்று முடிவுகட்டி இறங்கிப் போகிறார்கள். ஓடாத விலங்குதான் மனிதனைத் தன் தாக்கும் தூரத்துக்குள் வர விடுகிறது. காட்டின் உள்ளே இருக்கும் கூச்சமுள்ள யானை நம் வாசம் பட்டதுமே நகர்ந்துவிடும், பல நேரம் அது அங்கே இருந்ததே நமக்குத் தெரியாது. ஆகவே பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள்: நம்மைப் பார்த்தும் நகராமல் நிற்கிற விலங்கிடமிருந்து நாம் நகர வேண்டும்.

இனி யானை.

எத்தனை மீட்டர் என்று கேட்டால், காருக்குள் இருக்கும்போது குறைந்தது 50, நடந்து போகும்போது 100க்கு மேல் என்பேன். கண்ணளவில் 50 மீட்டரை மதிப்பிடப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்து ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், ஐந்து பேருந்துகள் வரிசையாக நின்றால் எவ்வளவோ அவ்வளவு. இந்த எண்ணுக்கு ஒரு கணக்கும் உண்டு. தாய்லாந்தில் அளந்து பார்த்ததில் ஆசிய யானைகள் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகம் வரை போயின. அதாவது 50 மீட்டரைக் கடக்க ஏழு விநாடி. குறுகலான மலைச்சாலையில், கை நடுங்க, பின்னால் பார்த்துக்கொண்டே ரிவர்ஸில் போகிற கார் அந்த ஏழு விநாடியில் இருபது முப்பது மீட்டர்தான் போகும். யானை நின்றுவிடுவதற்கும் நாம் தப்புவதற்கும் இடையே மிச்சமிருப்பது அந்தக் கொஞ்ச தூரம்தான். 20 மீட்டரில் காரை நிறுத்திப் படம் எடுப்பவர் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார் என்று நீங்களே பாருங்கள்.

யானை பாய்வதற்கு முன்பு பெரும்பாலும் அறிவித்துவிடும். நிதானமாக இருக்கும் யானையின் காதும் வாலும் ஆடிக்கொண்டே இருக்கும், வாய் மென்றுகொண்டிருக்கும். மெல்வது நின்றால், காது விசிறுவது நின்றால், அது உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். அடுத்து தும்பிக்கை நுனியை உங்கள் பக்கம் நீட்டி மோப்பம் பிடிக்கும். பிறகு காதுகளை விரித்துத் தலையை உயர்த்தும், மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும், ஒரு முன்காலை முன்னும் பின்னும் ஆட்டும், பக்கத்துக் கிளையை ஒடிக்கும். இவ்வளவும் "போய்விடு" என்பதற்கான அறிவிப்புகள். காதை அகல விரித்து, பிளிறிக்கொண்டு, தலையை உயர்த்தி ஓடிவந்து சட்டென்று நின்றால் அது பெரும்பாலும் மிரட்டல் ஓட்டம். தும்பிக்கையை உள்ளே சுருட்டி, காதுகளைப் பின்னுக்கு ஒடுக்கி, தலையைத் தாழ்த்திச் சத்தமில்லாமல் வந்தால் அது நிற்பதற்காக வரவில்லை. இரண்டையும் பிரித்தறிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது. மிரட்டல் ஓட்டமும் பாதியில் மாறக்கூடியது. மெல்வது நின்ற கணமே பின்வாங்கத் தொடங்குங்கள்.

ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரமாக, தார் பூசியதுபோல் கறுத்து ஒழுகியிருந்தால் மதம் பிடித்திருக்கிறது. பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டி நனைந்திருப்பது இன்னோர் அடையாளம். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இந்த நிலை நீடிக்கும். இப்படி ஒன்றைக் கண்டால் 50 மீட்டர் கணக்கை மறந்துவிட்டு வண்டியைத் திருப்புங்கள். தந்தம் இல்லாததெல்லாம் பெண் யானை என்றும் நினைக்க வேண்டாம். தந்தமில்லாத ஆணை மக்னா என்பார்கள், உடல்பலத்தில் அது கொம்பனுக்குக் குறைந்ததில்லை.

"ஒற்றை யானைதான் ஆபத்து, கூட்டம் ஒன்றும் செய்யாது" என்று பரவலாகச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. வயதுவந்த ஆண் யானை தனியே திரிவது அதன் இயல்பு, கோபித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வந்ததாக எண்ணத் தேவையில்லை. குட்டியோடு வரும் கூட்டத்தில் சாலையின் இந்தப் பக்கம் தாயும் அந்தப் பக்கம் குட்டியுமாக நிற்க, நடுவில் உங்கள் கார் மாட்டிக்கொண்டால் அதைவிடக் கெட்ட நிலைமை கிடையாது. கூட்டம் கடக்கும்போது முன்னால் ஒரு பெரிய பெண் யானை, நடுவில் குட்டிகள், கடைசியில் இன்னொரு பெரியது என்பது வழக்கமான வரிசை. நாலைந்து கடந்ததும் முடிந்தது என்று கியரைப் போட்டுவிடாதீர்கள். கடைசி யானை புதருக்குள் மறைந்த பிறகும் பத்து நிமிடம் பொறுங்கள், பின்தங்கிய ஒன்று உண்ணிச்செடிக்குள் நின்றிருக்கக்கூடும். முதுமலைச் சாலையோரங்களில் உண்ணிப்புதர் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்திருக்கிறது, அதற்குள் யானை நின்றால் பத்தடியில்கூடத் தெரியாது.

வண்டியில் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை, ஆனால் வரிசை முக்கியம். யானை தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து அங்கேயே நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாம் என்ற ஆசை வேண்டாம். ஹார்ன் அடிக்கக் கூடாது. இரவானால் ஹை பீமை இறக்கி லோ பீமில் வையுங்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடுவது யானையைச் சீண்டுவதற்குச் சமம். எஞ்சினை அணைக்கலாமா கூடாதா என்பதில் இருவேறு கருத்து உண்டு. ஓடவிடுவதே மேல் என்பது என் தீர்ப்பு. சீராக ஓடும் எஞ்சின் சத்தம் அந்தச் சாலையின் யானைகளுக்குப் பழகியதுதான். அணைத்துவிட்டுப் பத்து மீட்டரில் திடீரென்று ஸ்டார்ட் செய்கிற சத்தம்தான் திடுக்கிட வைக்கும், ஓடவிட்டால் அவசரத்தில் ஸ்டார்ட் ஆகாமல் போகிற வம்பும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பிள்ளைகளைப் பேசாமல் இருக்கச் சொல்லி, மெல்ல ரிவர்ஸ் எடுங்கள். கதவைத் திறக்கவே கூடாது. காரோடு சேர்ந்து ஒரே உருவமாகத் தெரிந்த நீங்கள், இறங்கிய கணத்தில் தனி மனிதன் ஆகிவிடுகிறீர்கள்.

நடைமுறையில் கெட்டுப்போகும் இடம் வேறு. முன்னால் நிற்பவர் ரிவர்ஸ் எடுக்க நினைக்கும்போது பின்னால் ஆறு கார்கள் பம்பரோடு பம்பராக ஒட்டி நிற்கின்றன. எதிர்த்திசையிலும் அப்படியே. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு. இப்போது யானைக்கு விலக வழியே இல்லை, ஹெடிகர் சொன்ன உள் எல்லைக்குள் எல்லோரும் சேர்ந்து நிற்கிறோம். ஆகவே யானைக்காக வாகனங்கள் நிற்பதைக் கண்டால் முன்வண்டிக்குப் பின்னால் இரண்டு கார் நீளமாவது விட்டு நில்லுங்கள். இடைவெளி இருக்கிறதே என்று யாராவது முந்திவந்து அதில் செருகுவார், நம்மூர் வழக்கம் அது. செருகினால் நீங்கள் இன்னும் பின்னால் போங்கள். யானை எந்தப் பக்கம் இறங்கப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தைக் காலியாக விடுவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. கொண்டை ஊசி வளைவுக்குள் ஒருபோதும் நிற்காதீர்கள், அங்கே ரிவர்ஸும் எடுக்க முடியாது, திருப்பவும் முடியாது. வளைவுக்கு முன்பே மேல்சாலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறுங்கள். சாலையில் ஆவி பறக்கும் ஈரமான லத்தியும் அப்போதுதான் ஒடிந்த பச்சை மூங்கிலும் கிடந்தால் பக்கத்திலேயே நிற்கிறது என்று பொருள். காய்ந்து நார்நாராகிக் கிடக்கும் லத்திக்குக் கவலை வேண்டாம்.

இருசக்கர வண்டிக்காரர்கள் இன்னும் பலமடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் நின்றிருந்த யானையைப் பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மன் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பந்திப்பூரில் யானையோடு செல்ஃபி எடுக்க இறங்கியவர் மிதிபட்டுப் பிழைத்தார், வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் விதித்தது. பைக்கில் போனால் ஒரு பேருந்துக்கோ லாரிக்கோ பின்னால் தூரம் விட்டுத் தொடர்வதே நல்லது. யானை துரத்தி, திருப்ப நேரமில்லை என்றால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுங்கள். பல நேரம் அதன் கோபம் கீழே கிடக்கும் வண்டியிலோ, வீசிய பையிலோ கொஞ்சம் தங்கும். இறக்கத்தில் ஓடினால் யானையால் வரமுடியாது என்பதை நம்பி உயிரை வைக்காதீர்கள், வேண்டுமென்றால் சரிவில் மளமளவென்று இறங்கிவிடும். பருத்த மரம், பாறை, பாலத்தின் அடிக்குழாய், அகழி என்று எதையாவது நடுவில் போட்டுக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசினால் ஒளிந்தும் பயனில்லை, வாசத்தை வைத்தே கண்டுபிடிக்கும்.

வால்பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு அங்கே முக்கிய இடங்களில் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை அமைக்கச் செய்திருக்கிறது. அருகில் யானை இருப்பது தெரிந்தால் கைபேசி வழியாகவே அந்த விளக்கை எரியவிடலாம், தோட்டத் தொழிலாளர்களுக்குத் தமிழில் குறுஞ்செய்தியும் போகும். சிவப்பு விளக்கு மின்னினால் அங்கே இறங்கிக் காற்று வாங்க வேண்டாம்.

உணவு கொடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறி மைசூர் போகும் சாலையில், ஆசனூருக்குப் பக்கத்தில் காராப்பள்ளம் சோதனைச்சாவடி இருக்கிறது. தாளவாடி வட்டாரத்துக் கரும்பு லாரிகள் ஆலைக்குப் போகும் வழி அது. பாரம் அதிகமாகி உயரத்தடையில் இடித்துக் கொட்டிய கரும்பும், ஓட்டுநர்கள் வேடிக்கைக்காக வீசிய கரும்பும் சேர்ந்து யானைகளுக்குப் பாடம் நடத்திவிட்டன. இப்போது யானைகள் குட்டிகளோடு வந்து சாலையில் நின்று லாரியை மறித்துக் கரும்பை உருவுகின்றன. காணொளியில் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். குட்டிகள் கற்றுக்கொள்வது, வண்டி என்றால் தீனி என்பதைத்தான். அடுத்து வரும் பைக்கிலும் காரிலும் கரும்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதை யாரும் காணொளியில் சேர்ப்பதில்லை. உங்கள் காரில் பலாப்பழம், வாழைத்தார், வெல்லம், உப்பு மூட்டை எதுவும் திறந்த நிலையில் இருக்க வேண்டாம். அரிசிக்கும் உப்புக்கும் வால்பாறையில் ரேஷன் கடைச் சுவரையே யானைகள் இடித்திருக்கின்றன, கார்க் கண்ணாடி எம்மாத்திரம்.

யானையைக் கிட்டத்தில் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அதற்கும் இடம் உண்டு. முதுமலை தெப்பக்காடு வளர்ப்பு யானை முகாம், மாயாற்றங்கரையில், நீங்கள் போகும் சாலையிலேயே இருக்கிறது. காலையிலும் மாலையிலும் யானைகளுக்கு உணவு கொடுப்பதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ராகிக் களி, வேகவைத்த கொள்ளு, அரிசிச் சோறு, வெல்லம், உப்பு, தாதுக் கலவை எல்லாம் உருண்டை பிடித்து மாவுத்தர்கள் நேராக வாய்க்குள் வைப்பார்கள். எந்த யானைக்கு எவ்வளவு என்பது அங்கே எழுதி வைத்திருக்கும். முன்காலின் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கு யானையின் தோள் உயரம் என்பது பழைய கணக்கு. மண்ணில் பதிந்த அடியைப் பார்த்துப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துவரும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நகரங்களுக்குள் உங்களுக்கு யானையைவிட எதிர்ப்பட வாய்ப்புள்ளது காட்டெருமை. எருமை இனமே இல்லை, காட்டு மாடு. வளர்ந்த காளை 1,000 கிலோ வரை எடை, தோள் உயரம் ஒரு மனிதனின் உயரம். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருப்பதை வைத்து இருட்டிலும் அடையாளம் தெரியும். மேய்ச்சலுக்கு இருந்த புல்வெளிகளைச் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் மூடிவிட்டன. தேயிலைத் தோட்டத்து ஓரங்களிலும் பங்களாப் புல்தரைகளிலும் தழை கிடைக்கிறது, ஊருக்குள் புலி வருவதும் அரிது. அதனால் ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

அது யாரையும் தேடி வந்து முட்டுவதில்லை. முட்டு விழும் இடம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரண்டு பக்கமும் சுவரோ வேலியோ உள்ள குறுகலான நடைபாதை, திருப்பத்தில் மனிதனும் மாடும் நேருக்கு நேர். விலக வழியில்லாத மாடு முன்னால்தான் வரும், யானையைப்போல் நீண்ட அறிவிப்பெல்லாம் தராது. மூச்சை உஸ்ஸென்று விடுவது, தலையைத் தாழ்த்துவது, உடலைப் பக்கவாட்டில் காட்டி விறைத்து நடப்பது, இவ்வளவுதான். ஆகவே அதிகாலை நடைக்குப் போகிறவர்கள் திருப்பங்களில் கொஞ்சம் பேசிக்கொண்டே போங்கள், டார்ச் வைத்திருங்கள். எதிர்ப்பட்டுவிட்டால் அது வந்த வழியையோ போக நினைக்கும் வழியையோ அடைத்து நிற்காமல் ஒதுங்கிப் படிக்கட்டு, திண்ணை, வாசல் என்று ஏதாவது ஒன்றில் ஏறிவிடுங்கள். மார்பளவு வேலி பாதுகாப்பு ஆகாது, அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அநாயாசமாகத் தாண்டும். நாயைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாய் குரைத்து மாட்டைக் கிளப்பிவிட்டு, நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும்.

கரடியைப் பற்றித் தமிழ்நாட்டுப் பயணிகள் போதிய அளவு பயப்படுவதில்லை என்பது என் எண்ணம். கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் மாலை மங்கியதும் நடமாடும். அதற்கு மேல்வரிசை நடுப்பற்கள் இரண்டு இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கறையானைக் குழாயில் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சும், அந்த இரைச்சல் வெகுதூரம் கேட்கும். இரைச்சலில் நீங்கள் வருவது அதற்குக் கேட்காது, கண்பார்வையும் மந்தம். எனவே கரடியின் விலகும் தூரம் வேலை செய்வதற்குள் நீங்கள் தாக்கும் தூரத்தில் போய் நின்றுவிடுகிறீர்கள். கரடிக்காயங்கள் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் இருக்கும். மரமேறித் தப்பலாம் என்பது கதைக்கு உதவும், கரடி உங்களைவிட நன்றாக ஏறும், உங்களைவிட வேகமாகவும் ஓடும். தூரத்தில் கண்டால் சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். எழுந்து நின்றால் அது என்னவென்று பார்க்கிறது, அப்போதே ஓடிவிடாதீர்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். பழம் பழுக்கும் பருவத்தில் பலா, கொய்யா, நாவல் மரத்தடிகளில் இருட்டில் போக வேண்டாம், அவ்வளவுதான்.

சிறுத்தை பெரியவர்களை அநேகமாகத் தவிர்த்துவிடும். பிள்ளைகள்தான் அதற்கு இரையளவு. மாலை ஆறு மணிக்குப் பிறகு விடுதியின் தேயிலைப் பக்கத்து முற்றத்தில் அவர்களைத் தனியாக விளையாட விடாதீர்கள், புதரோரம் குந்தவும் விடாதீர்கள். குனிந்த உருவம் அதற்கு நாலுகால் பிராணியாகத் தெரியும். நேரில் கண்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, நிமிர்ந்து, சத்தமிட்டபடி, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள்.

குரங்கிலிருந்து வரும் சிக்கல் மருத்துவம் சார்ந்தது. நாட்டுக் குரங்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் அது சிரிப்பில்லை, மிரட்டல். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள், தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. இரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்கிடையில் ஊர் திரும்பிவிட்டால் மிச்சத்தை உங்கள் ஊரிலேயே தொடரலாம், முதல் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்தால் போதும்.

இப்போது பூங்காவுக்கு வருவோம். மலைக்குப் போகும் முன் ஒருமுறை வண்டலூர் போய் வருவது நல்ல ஒத்திகை, ஆனால் பார்க்கும் விதம் மாற வேண்டும். சென்னையின் விலங்குக் காட்சியகம் 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில், அதன் பொறுப்பாளராக எட்வர்டு பால்ஃபர் இருந்த காலத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க், அங்கிருந்து 1985இல் வண்டலூர். 602 எக்டேர் பரப்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் பிள்ளைகளுக்குக் கால்வலி மட்டும்தான் மிஞ்சும். நாலைந்து கூண்டுகளைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நில்லுங்கள். காலை திறந்ததும் முதல் ஒன்றரை மணி நேரமும், மாலை மூன்றரைக்குப் பிறகும் விலங்குகள் நடமாடும். நடுப்பகலில் எல்லாம் நிழலில் படுத்திருக்கும், அந்த நேரத்தில் போய்விட்டுப் பூங்கா சரியில்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

காட்டெருமை அடைப்பின் முன் நின்று, காளையின் தோள் உங்களில் யாருடைய தலைக்குச் சமம் என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த அளவு மனதில் பதிந்துவிட்டால் குன்னூரில் கிட்டப் போக மாட்டார்கள். மானைப் பார்க்கும்போது காது எந்தப் பக்கம் திரும்புகிறது, எப்போது மெல்வதை நிறுத்துகிறது, வால் எப்போது விறைக்கிறது என்று கவனிக்கப் பழக்குங்கள். யானைக்கும் இதே பாடம்தான். புலி ஒரே தடத்தில் எட்டுப் போட்டபடி நடந்துகொண்டே இருந்தால் அது உலாவுவது இல்லை, அடைப்பில் வளரும் விலங்குகளுக்கு வரும் ஒருவகைப் பழக்கம். செய்ய வேறொன்றும் இல்லாதபோது அது முற்றும்.

அகழிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் திறந்த பூங்காவில்தான் கம்பிக்குப் பதில் அகழி வைக்கும் முறை பெரிய அளவில் வந்தது. சிங்கமும் புலியும் எவ்வளவு தூரம் தாண்டும் என்று சோதித்துப் பார்த்துத்தான் அவர் அகலத்தைத் தீர்மானித்தார். மனிதன் எட்டிப் பார்ப்பான், ஏறுவான் என்பதை மட்டும் எந்த அகழிக் கணக்கும் முழுதாக அடக்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் ஒருவர் இறந்தார். புலி சில நிமிடங்கள் அவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது, மேலே இருந்த கூட்டம் கத்திக் கல்லெறிந்தது. பிள்ளையைக் கைப்பிடிச் சுவரில் உட்காரவைத்துப் படம் எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கூச்சலிடாமல் காவலரை அழையுங்கள், மற்றவர்களைப் பின்னுக்கு நகர்த்துங்கள். கண்ணாடியைத் தட்டுவதும் தின்பண்டம் எறிவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவின்படி குற்றம். எறிந்த சிப்ஸ் உறை மானின் வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பிள்ளைகளிடம் சொன்னால் சட்டப்பிரிவு தேவைப்படாது.

பயண ஏற்பாட்டுக்குச் சில குறிப்புகள். நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும். கடைசி நிமிடத்தில் கேட்டைப் பிடிக்க வேகமாக ஓட்டும்போது மான்களும் வண்டிகளும் மோதிக்கொள்ளக்கூடும், ஆகவே மதியத்துக்குள் முதுமலையைக் கடந்துவிடும்படி கிளம்புங்கள். காட்டுக்குள் 30 கிலோமீட்டர் வேகம் போதும். டீசலும் சிறுநீர் வேலையும் கூடலூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், நடுவில் இறங்க அனுமதி கிடையாது. பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சிக்கல் என்றால் அடுத்த சோதனைச்சாவடியில் சொல்வதே விரைவு. 1892இல் தொடங்கிய மைசூர் உயிரியல் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. திங்கள் இரவு மைசூர் போய்ச் சேரும்படி திட்டமிட்டிருந்தால் ஒருநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.